அத்தானும் வெற்றிலைப் பெட்டியும்

எங்கள் அத்தானுக்கு இந்த ஆவணியோடு தொண்ணூறு வயது நிறைந்துவிட்டது. பாளையங்கோட்டையில், தாம் கட்டின வீட்டில், தாம் செய்த சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தாம் செய்த ஆம்ப்ளிஃபயரில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர். ‘இருந்தவர்’ என்று எழுதியதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். அத்தான் சௌக்கியமாகவே இருக்கிறார். போய்விட்டது ஆம்ப்ளிஃபயர்தான்.

அது 1962-ல் பிறந்தது. முல்லார்டு கம்பெனியார் அந்நாளில் வெளியிட்டிருந்த ‘5-10’ என்ற சர்க்யூட்டைப் பார்த்து அத்தான் கட்டியது. ஐந்து வால்வு, பத்து வாட். பெயரிலேயே ஜாதகம் அடங்கிவிடுகிறது. அத்தான் அப்போது ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். தகரத்தைத் தாமே வெட்டி, மடக்கி, துளையிட்டு, ஒவ்வொரு கம்பியையும் தம் கையாலேயே பற்றவைத்தார். ஸ்விட்சைப் போட்டவுடன் அது பாடிவிடாது. அரை நிமிஷம் யோசனை செய்யும். வால்வுகளுக்குள் இழை மெல்லச் சிவக்கும். பிறகு ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் எழும். அதற்கப்புறந்தான் பாட்டு. பத்து வாட் சங்கீதம் கொடுக்கிற அந்த யந்திரம், இழைகளைச் சிவக்க வைப்பதற்கு மட்டும் பதினைந்து வாட்டுக்கு மேல் விழுங்கியது. ஒரு மணி நேரத்தில் அறையே கதகதவென்று ஆகிவிடும். அக்கா அதற்கு ‘வெந்நீர் அடுப்பு’ என்று பெயர் வைத்திருந்தாள்.

“மார்கழியிலே பாட்டுக் கேட்கலாம். சித்திரையிலே கேட்க முடியுமா இதிலே?” என்பாள்.

அத்தானுக்குக் கோபம் வந்துவிடும். தம் கையால் செய்த பொருளைக் குறை சொன்னால் பொறுக்க மாட்டாத மனிதர்களில் அவர் ஒருவர். பெற்ற பிள்ளைகளைக் குறை சொன்னால் அவ்வளவாகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அக்கா நன்றாகப் பாடுவாள். மேடை ஏறவில்லை, ஏற்ற யாரும் முனையவில்லை என்பதே உண்மை. 1972-ல் ஒரு கோடை விடுமுறையில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, அத்தான் தம் சிநேகிதர் ஒருவரிடமிருந்து ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தை முதலில் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுக்க ஒரு சிறு கருவி வேண்டுமல்லவா? அதையும் அவரே செய்தார். ஒரு நாள் பிற்பகல், மின்விசிறியை நிறுத்தி, சமையலறைக் கதவைச் சாத்தி, தெருவில் விளையாடிய பையன்களை மிட்டாய் கொடுத்து விரட்டி, அக்காவைப் பாட வைத்தோம். பதினொரு பாட்டு. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

2009-ல் அக்கா போய்விட்டாள். அதற்குப் பிறகு தினமும் விளக்கு வைத்ததும் ஒரு பாட்டு என்பது அத்தானுக்கு நியமமாகிவிட்டது. டேப் பொடி உதிர ஆரம்பித்ததும் பேத்தி அதைச் சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றி வைத்தாள். அத்தான் முனகினார். ஆனாலும், பாட்டு கம்ப்யூட்டரிலிருந்து வந்தாலும் கடைசியில் தம்முடைய ஆம்ப்ளிஃபயர் வழியாகத்தானே வந்தாக வேண்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

சென்ற வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு நாள் வெந்நீர் அடுப்பிலிருந்து புகை வந்தது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோயிற்று. மோட்டார் காயில் சுற்றுகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். இதைச் சுற்றத் தெரிந்தவர் யாரும் அகப்படவில்லை. அத்தானுக்குத் தெரியும், ஆனால் கை நடுங்குகிறது.

நாலு மாதம் அந்த வீட்டில் பாட்டு இல்லை. நான் டெலிபோனில் கூப்பிட்டால், “ஒண்ணுமில்லை தம்பி, பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன்” என்பார். ராத்திரி ஏழு மணிக்கு யாராவது பேப்பர் படிப்பார்களா?

எனக்கு மனசு கேட்கவில்லை. ரிச்சி தெருவுக்குப் போனேன். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் எதுவானாலும் கிடைக்கும் அந்தச் சந்தில், கடைக்காரப் பையன் ஒருவன் என் கையில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தான். எங்கள் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைவிடச் சிறியது. “அம்பது வாட் ஸார்” என்றான். நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

பாளையங்கோட்டையில் அதைப் பிரித்து மேஜைமேல் வைத்தபோது அத்தான் முதலில் செய்த காரியம், கையில் எடுத்து எடை பார்த்ததுதான்.

“டிரான்ஸ்பார்மர் எங்கே?”

“இல்லை, அத்தான்.”

“வால்வுதான் கிடையாது. சூடு போகிறதுக்குத் தகடாவது பெரிசா இருக்கணுமே?”

“அவ்வளவு சூடு வராதாம்.”

“சூடு வராத ஆம்ப்ளிஃபயர், உலை கொதிக்காத அடுப்பு. அதிலே என்ன வேகும்?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, சற்று இறங்கிய குரலில், “எல்லாத்தையும் நறுக்கி, ஒண்ணு, பூஜ்யம்னு ஆக்கிடறான். உங்க அக்கா குரலைத் துண்டு துண்டா வெட்டி ஒட்டினதை நான் கேட்கமாட்டேன் தம்பி. அதுக்கு, கேட்காமலே இருக்கலாம்” என்றார்.

இது பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியுமா? எனக்கே உள்ளூர அந்தச் சந்தேகம் இருந்தது. நல்லவேளையாக, பெங்களூரில் இந்த மாதிரிச் சில்லுகளை வடிவமைக்கும் வேலையில் இருக்கும் பேத்தி ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்திருந்தாள். தாத்தாவுக்குத் தெரியாததைத் தாத்தாவுக்குத் தெரிந்ததைக் கொண்டே விளக்கும் சாமர்த்தியம் அவளுக்கு உண்டு. இரண்டு நாள் தர்க்கம் நடந்தது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குப் புரிந்த அளவில் அதைச் சொல்கிறேன்.

முதலில் வெட்டுகிற விஷயம். குரலை மைக் மின்சாரத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை விநாடிக்கு 44,100 தடவை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 65,536 படிகள் உள்ள ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்று எண்ணாக எழுதி வைக்கிறார்கள். குரலை எண்ணாக எழுதி அனுப்பலாம் என்ற யோசனை 1937-ல் பாரிஸில் வேலை பார்த்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயருக்கு உதித்தது. தூரத்து டெலிபோனில் இரைச்சல் சேராமல் இருக்க என்ன வழி என்று தேடியபோது அவர் கண்ட வழி அது. அந்தக் காலத்து வால்வுகளைக் கொண்டு அதைச் செய்து கட்டுப்படியாகாததால், யோசனை பல வருஷம் காகிதத்திலேயே தூங்கியது.

“அளக்கிறது சரி. ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவிலே இருக்கிற பாட்டு எங்கே போச்சு?” என்று கேட்டார் அத்தான்.

பேத்தி உடனே பதில் சொல்லவில்லை. வாசலுக்குப் போய், அன்று காலையில் போட்டிருந்த கோலத்தைக் காட்டினாள். “ஆச்சி புள்ளி வைப்பாளே, ஞாபகம் இருக்கா தாத்தா? புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவிலே ஒண்ணுமே இல்லை. ஆனா எந்தப் புள்ளியைச் சுற்றி எந்தப் பக்கமா இழை போகணும்னு விதி இருக்கு. விதி தெரிஞ்சவளுக்கு அந்தப் புள்ளிகள்லே ஒரே ஒரு கோலந்தான் வரும்.”

இங்கே விதி என்னவென்றால், மனிதக் காது கேட்கக்கூடிய உச்சம் ஏறத்தாழ இருபதாயிரம் சைக்கிள். (ஹெர்ட்ஸ் என்று சொன்னால் அத்தானுக்குப் பிடிக்காது.) அதன் இரட்டிப்புக்கு மேற்பட்ட வேகத்தில் அளந்துவிட்டால், நடுவில் இருந்ததை ஊகிக்க வேண்டியதில்லை; அந்தப் புள்ளிகளின் வழியாக, அந்த உச்சத்துக்கு உட்பட்டுப் போகக்கூடிய வளைவு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அமெரிக்கரான ஷானன் 1949-ல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார். புள்ளி வைத்தவள் கோலத்தை வெட்டிவிட்டாள் என்று யாரும் சொல்வதில்லையே!

அத்தான் வெகு நேரம் கோலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “சரி, எண் வந்தாச்சு. ஸ்பீக்கருக்கு எண் படிக்கத் தெரியுமா?” என்றார்.

அதுதான் கேள்வி. ஸ்பீக்கர் என்பது ஒரு காந்தமும், அதனிடையே ஆடும் காயிலும், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பும். அதற்கு வேண்டியது மின்சாரம். அதுவும் பலமான மின்சாரம். வழக்கமான முறையில், எண்களை முதலில் மெல்லிய மின்சார அலையாக மாற்றி, பிறகு அந்த அலையை ஓர் ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கும். வெற்றிலைப் பெட்டி அப்படிச் செய்வதில்லை. எண்ணிலிருந்து நேரே பலத்துக்குத் தாவிவிடுகிறது.

எப்படி? தாமிரபரணிக் கால்வாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நினைத்துப் பாருங்கள். வயலுக்குப் பாதித் தண்ணீர் போதும் என்றால், மடைப் பலகையைப் பாதி இறக்கி வைக்கிறோம். தண்ணீர் பலகையில் மோதி, நுரைத்து, இரைந்து, பலகையை அரித்துக்கொண்டு போகிறது. வால்வு ஆம்ப்ளிஃபயர் இப்படித்தான் வேலை செய்கிறது. எப்போதும் அரைகுறையாகத் திறந்த மடை. அந்த மோதல்தான் சூடு.

இன்னொரு வழியும் உண்டு. பலகையை முழுக்கத் தூக்கிவிட வேண்டியது. அல்லது முழுக்க இறக்கிவிட வேண்டியது. பாதித் தண்ணீர் வேண்டுமானால் பாதி நேரம் திறப்பது, பாதி நேரம் மூடுவது. முழுக்கத் திறந்த மடையில் மோதல் இல்லை. முழுக்க மூடிய மடையில் ஓட்டமே இல்லை. மின்சாரத்திலும் இதே கதைதான். ஸ்விட்சைப் போட்டிருக்கும்போது ஓட்டம் உண்டு, தடை இல்லை. அணைத்திருக்கும்போது அழுத்தம் உண்டு, ஓட்டம் இல்லை. இரண்டு நிலையிலும் சூடாக வீணாவது சொற்பம். வாங்கும் மின்சாரத்தில் சுமார் தொண்ணூறு சதவிகிதம் வரை ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருகிறது. வெற்றிலைப் பெட்டியில் ஐம்பது வாட் அடங்கியதன் ரகசியம் இதுதான்.

இந்த வகைக்கு ‘கிளாஸ் டி’ என்று பெயர். ‘டி’ என்றால் டிஜிட்டல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேத்தி சிரித்தாள். ஏ, பி, சி என்று மூன்று வகைகளுக்குப் பெயர் ஏற்கெனவே போய்விட்டதால், அடுத்து வந்ததற்கு டி கிடைத்ததாம். பெயர் வைப்பதில் விஞ்ஞானிகள் கதாசிரியர்களைவிடச் சோம்பேறிகள்.

மடையை எவ்வளவு வேகமாகத் திறந்து மூடுவது? இந்தப் பெட்டியில் விநாடிக்கு 3,52,800 தடவை. அதாவது 44,100-ஐப் போல எட்டு மடங்கு. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதில்தான் பாட்டு இருக்கிறது. அலை மேலே போகிற இடத்தில் திறப்பு நீளும், கீழே வருகிற இடத்தில் குறுகும். சரிபாதி திறப்பு, சரிபாதி மூடல் என்றால் மௌனம். மௌனமாயிருக்கவும் அது விநாடிக்கு மூன்றரை லட்சம் தடவை பாடுபடுகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இங்கேதான் அத்தான் பேத்தியை மடக்கினார். ரிப்பேர்க் கடைக்காரர் மூளை சும்மா இருக்குமா? “65,536 படின்னு சொன்னே. அப்படின்னா ஒரு திறப்பிலே 65,536 விதமான நீளம் வேணும். அதைக் கடிகாரம் வச்சுத்தானே எண்ணணும்? பெருக்கிப் பார்.”

பெருக்கினோம். விநாடிக்கு 2,312 கோடி எண்ணிக்கை வந்தது. அவ்வளவு வேகமான கடிகாரம் இந்தப் பெட்டிக்குக் கட்டுப்படியாகாது. “அதனாலே 256 நீளந்தான் வச்சிருக்கோம் தாத்தா. ஒன்பது கோடிச் சொச்சம் எண்ணினால் போதும்” என்றாள் பேத்தி.

“பார்த்தியா! 65,536-ஐ 256 ஆக்கிட்டே. மிச்சம் எல்லாம் குப்பைக்குப் போச்சு!” அத்தான் வெற்றிப் பார்வை பார்த்தார்.

“ஆச்சி பால் கணக்கு எழுதுவாளே?” என்று ஆரம்பித்தாள் அவள்.

அக்காவின் பால் கணக்கு குடும்பத்தில் பிரசித்தம். பால்காரிக்கு அன்றைய பாக்கி மூன்று ரூபாய் நாற்பது காசு. கையில் சில்லறை இல்லை. அக்கா மூன்று ரூபாய் கொடுப்பாள். நாற்பது காசை மறந்துவிட மாட்டாள். சுவரில் கரிக்கட்டியால் குறித்துக்கொள்வாள். மறுநாள் அந்த நாற்பது சேர்ந்து மூன்று எண்பது ஆகும். நாலு கொடுத்துவிட்டு, இருபது அதிகம் போயிற்று என்று குறிப்பாள். அன்றன்றைக்குப் பார்த்தால் கணக்கு தப்பு. மாதத்துக்குப் பார்த்தால் காசு பிசகாது.

சில்லும் அதைத்தான் செய்கிறது. 256-ல் கிட்டத்தட்டப் பொருந்தும் நீளத்தை எடுத்துக்கொண்டு, விட்டுப்போன பின்னத்தை அடுத்த திறப்பின் கணக்கில் சேர்க்கிறது; அதில் மிஞ்சியதை அதற்கு அடுத்ததில். தப்பு எங்கும் போய்விடவில்லை. ஆனால் அது மிக வேகமான ஒரு நடுக்கமாக மாறி, காதுக்கு எட்டாத உச்ச ஸ்தாயிக்குத் துரத்தப்பட்டுவிடுகிறது. காது கேட்கிற நிதானமான அலையில் கணக்கு நேராகிவிடுகிறது.

இதைக் கேட்டு அத்தான் பேசாமலிருந்தார். கோலம் அவரை அசைத்ததைவிடப் பால் கணக்கு அதிகமாக அசைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பீக்கரை மேலே இழுக்க ஒரு ஸ்விட்ச், கீழே இழுக்க ஒரு ஸ்விட்ச். இரண்டும் ஒரே சமயத்தில் திறந்தால், ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்த கதைதான். ஆகவே ஒன்று ஓய்ந்து மற்றது கிளம்புமுன் சிறு இடைவெளி விடுகிறார்கள். ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் சில பத்துப் பங்கு. அந்த இடைவெளியே பாட்டை ஒரு துளி கோணலாக்கும். அதைக் குறைப்பதில்தான் செய்கிறவனுடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கடைசியில், வாசலருகே ஒரு காயிலும் ஒரு கண்டென்ஸரும். பம்பு தண்ணீரைத் தவணை தவணையாகத் தள்ளினாலும் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் சீராக வருகிறதல்லவா? அந்தத் தொட்டி வேலையை இவை செய்கின்றன. படபடப்பு இங்கே நின்றுவிடுகிறது. சராசரி மட்டும் அலையாக வெளியே போகிறது. அந்த அலை அக்காவின் குரல்.

“இது ஒண்ணும் புதுசில்லை” என்றார் அத்தான், மறுநாள் காப்பி குடிக்கும்போது. “1964-லேயே இங்கிலாந்திலே சின்க்ளேர்காரன் எக்ஸ்-10னு ஒண்ணு வித்தான். ‘வயர்லெஸ் வேர்ல்டு’ பத்திரிகையிலே பார்த்தேன். இதே தத்துவந்தான். ஜெர்மானியம் டிரான்சிஸ்டராலே அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியலே. நாங்க எல்லாரும் கடையிலே உட்கார்ந்து சிரிச்சோம்.”

பேத்தி திகைத்துப்போனாள். அவ்வளவும் தெரிந்தவரிடமா இரண்டு நாளாகக் கோலமும் பால் கணக்கும் சொல்லிக்கொண்டிருந்தோம்? ஆனால் அத்தான் சிரித்ததில் தப்பில்லை. யோசனை சரி, சாமான் சரியில்லை. அந்த வேகத்தில் பதறாமல் திறந்து மூடும் சிலிக்கன் ஸ்விட்சுகள் கைக்கு வந்து, மலிந்து, இந்த விலைக்கு இறங்கப் பல வருஷம் பிடித்தது.

அன்று மாலை, “ஸ்பீக்கரை மட்டும் என்னுடையதை வை. சோதனைதான் பண்ணுகிறேன்” என்றார். சோதனை என்ற சொல்லில் அவருடைய கௌரவம் காப்பாற்றப்பட்டுவிட்டது.

பெட்டியைப் போட்ட கணமே, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய மத்திய அலை ரேடியோ கரகரவென்று அலறியது. நாங்கள் திடுக்கிட்டோம். அத்தான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மூன்றரை லட்சம் சைக்கிளில் படபடக்கிற எதுவும், அதன் இரட்டிப்பிலும் மும்மடங்கிலும் கொஞ்சம் கசியும். ஏழு லட்சமும் பத்தரை லட்சமும் மத்திய அலை வரிசைக்குள் அடங்கியவை. தொட்டி எவ்வளவு நல்லதானாலும் ஒரு சொட்டு ஒழுகத்தான் ஒழுகும். “சத்தம் போடாதவன்னு சொன்னியே, பக்கத்து வீட்டுக்காரனைக் கேளு!” என்றார். ரேடியோவை உள் அறைக்கு மாற்றினோம். இந்தச் சிறு தோல்வி எங்களுக்கு நல்லதாயிற்று. ஜெயித்துவிட்ட மனிதர் தாராளமாகிவிடுவார்.

பேத்தி இரண்டாவது பாட்டைப் போட்டாள். சஹானா ராகம்.

அரை நிமிஷ யோசனை இல்லை, சிவப்பு இல்லை, சூடு இல்லை. சட்டென்று அக்கா இருந்தாள். ஆலாபனை மேலே போனபோது நான் அத்தான் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தோஷம் இல்லை. தலையைச் சாய்த்து வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“நிறுத்து” என்றார்.

நிறுத்தினாள். எழுந்து போய், ஸ்பீக்கரின் துணியில் காதை வைத்தார். “மறுபடி போடு.” போட்டாள். “நிறுத்து.” இப்படி மூன்று தடவை. தொண்ணூறு வயதுக் காதில் மேல் ஸ்தாயி எப்போதோ போய்விட்டது. வயதானால் முதலில் போவது அதுதான். கீழ் ஸ்தாயி அவருக்கு இன்னும் கல் மாதிரி நிற்கிறது.

“நூறு சைக்கிள்” என்றார். “பாட்டு நின்னா நிற்கிறது. பாட்டு வந்தா வருகிறது. பெட்டி இரையலே. டேப்பிலேயே இருக்கு.”

எனக்கும் கேட்டது. பாட்டுக்கு அடியில், கிணற்றடியில் வண்டு இரைகிற மாதிரி ஓர் இரைச்சல். இத்தனை வருஷம் எப்படிக் கேட்காமல் போயிற்று? வெந்நீர் அடுப்பும் அதே ஸ்வரத்தில்தான் இரைந்துகொண்டிருந்தது. பாட்டு இருந்தாலும் இரையும், இல்லாவிட்டாலும் இரையும். இரண்டு இரைச்சலும் ஒன்றில் ஒன்று மறைந்திருந்தன. தனக்கென்று இரைச்சல் இல்லாத பெட்டி வந்ததும் பழையது தனியாக வெளியே தெரிந்துவிட்டது.

அத்தான் நாற்காலிக்குத் திரும்பவில்லை. நின்றுகொண்டே, “உனக்கு ஞாபகம் இருக்கா தம்பி?” என்றார்.

எனக்கு ஞாபகம் இருந்தது. முதல் பாட்டு முடிந்து டேப்பைப் போட்டுக் கேட்டதுமே அக்கா சொன்னாள்: “ஏதோ வண்டு இரைகிற மாதிரி இருக்கே?” அத்தான், “அது ஆம்ப்ளிஃபயர் சத்தம். டேப்பிலே ஏறாது. நீ மேலே பாடு” என்றார். பதினொன்றும் முடிந்த பிறகு அவள் மறுபடியும் கேட்டாள்: “எனக்கென்னமோ பாட்டிலேயே அது இருக்கிறதாகத்தான் படுது. அதைச் சரிபண்ணுங்களேன். நாளைக்கு இன்னொரு தரம் பாடட்டுமா?” அத்தான் முகம் சுருங்கிற்று. மைக் கருவி அவர் கையால் செய்தது. அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு மாட்டினிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “எல்லாம் நன்னாத்தான் இருக்கு அக்கா” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். என்ன படம் பார்த்தேன் என்று இன்று நினைவில்லை.

மறுநாள் டேப் ரெக்கார்டரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அப்புறமும் எப்போதாவது அக்கா அந்த வண்டைப் பற்றிச் சொல்வாள். அத்தான் அதற்கு, “உனக்குக் காதிலே கோளாறு” என்பார். 2009 வரைக்கும் இது நடந்தது.

“எர்த்தை ஒரே இடத்திலே கொண்டுவந்து சேர்த்திருக்கணும்” என்றார் அத்தான் இப்போது. “ரெண்டு இடத்திலே போட்டிருக்கேன். கடைப் பையன் செய்திருந்தா அடிச்சிருப்பேன்.” கைகள் வழக்கத்தைவிட அதிகமாக நடுங்கின. நான் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன்.

பேத்திக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. “இதுக்கா தாத்தா? எண்ணாத்தானே இருக்கு. அந்த நூறு சைக்கிளையும் அதன் மடங்குகளையும் மட்டும் கணக்கிலேயிருந்து கழிச்சுடலாம். பத்து நிமிஷ வேலை” என்று கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தாள்.

“வேண்டாம்” என்றார் அத்தான்.

“பாட்டு சுத்தமாயிடும் தாத்தா.”

“அவ சொன்னது சரின்னு அந்த டேப்பிலே இருக்கு. அழிக்காதே.”

யாரும் ஒன்றும் பேசவில்லை. தெருவில் ஏதோ வண்டி போயிற்று. அத்தான் கையை நீட்டி அந்தப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தார். இளஞ்சூடு இருந்திருக்க வேண்டும். அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

“முதல்லேயிருந்து போடு” என்றார்.

பேத்தி போட்டாள். இரைச்சல் முன்னால் வந்தது. பிறகு அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.